அடிக்கப் பழக்கிவிட்டு அடிக்காதே என்பது எப்படிச் சரி?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஒரு தாய் என்னிடம் கொஞ்சம் நீளமாகவே எழுதிக் கேட்டிருந்தார். மகனுக்கு 11 வயது, தரம் 6. பாடசாலையில் பெரிய பெடியன்கள் தள்ளுகிறார்கள், சாப்பாட்டுப் பெட்டியைப் பறிக்கிறார்கள், அழுத முகத்தோடு வீட்டுக்கு வருகிறான். கராத்தேயில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் கணவர். இவருக்குப் பயம், பிள்ளை சண்டைக்காரனாகிவிடுவானோ என்று. "வகுப்புப் பலகைகளில் எல்லாம் ஒழுக்கம், பணிவு, பண்பு என்று எழுதியிருக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் குத்தவும் உதையவும்தான் பழக்குகிறார்கள். அடிக்கப் பழக்கிவிட்டு அடிக்காதே என்று சொல்வது எப்படிச் சரி?" இதுதான் அவருடைய கேள்வி.

தங்கச்சி, இந்தக் கேள்வியை என்னிடம் பழக வரும் பிள்ளைகளின் பெற்றோரில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கேட்பதில்லை, எல்லோரும் கேட்பது கட்டணம் எவ்வளவு, கறுப்புப் பட்டி எத்தனை வருடத்தில் கிடைக்கும் என்பவைதான். அதனால் உங்களுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். நான் 30 வருடத்துக்கு மேலாகக் கராத்தே பழகுகிறேன், அதில் பாதிக்கு மேல் திருகோணமலையில் பிள்ளைகளுக்குப் பழக்கியும் வருகிறேன். எனக்குத் தெரிந்தது கராத்தே என்பதால் அதை வைத்தே சொல்கிறேன், மற்றக் கலைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் நேரான பதில். அடிக்கத் தெரிந்தவனிடம்தான் அடிக்காதே என்று சொல்ல முடியும். தெரியாதவனிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போது வள்ளுவர் முதல் குறளிலேயே இதைத்தான் எடுக்கிறார். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குகிறவன்தான் கோபத்தைக் காத்தவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிடுகிறார். உங்கள் மகன் இன்று திருப்பி அடிக்காமல் வருகிறானே, அது பொறுமை அல்ல. அவனால் முடியவில்லை, அவ்வளவுதான், அதனால்தான் அழுகிறான். நாளை முடியும் என்ற நிலை வந்த பிறகு, அதே பெடியன் தள்ளும்போது, இவன் கையை இறக்கி வைத்துக்கொண்டு "விடு, போ" என்று சொல்கிறானே, அங்கேதான் பொறுமை என்ற சொல்லுக்கு இடம் வருகிறது. கராத்தே அவனுக்குக் கொடுப்பது அந்த இடத்தை. அந்த இடத்தில் நின்று அவன் எதைத் தெரிவு செய்வான் என்பது தானாக வராது, அதையும் பழக்க வேண்டும், பல வகுப்புகளில் அது பழக்கப்படுவதில்லை என்பதும் உண்மை. உங்கள் பயம் வெறும் பயம் இல்லை.

என்னையே சொல்கிறேன். எனக்கு 21 வயது, பழகத் தொடங்கி 5 வருடம். பஸ் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது ஒருவரோடு வாய்த்தர்க்கம் வந்தது, அவர் கொஞ்சம் குடித்திருந்தார், என் தோளில் கைவைத்துத் தள்ளினார். அந்தத் தள்ளலில் நான் விழவும் இல்லை, எனக்கு நோகவும் இல்லை. ஆனால் என் கை போய்விட்டது. யோசித்து அடித்ததில்லை, ஆயிரக்கணக்கான தரம் காற்றில் குத்திப் பழகிய கை, தானாகவே போனது. அவருடைய முன்பற்கள் இரண்டு உடைந்தன. சுற்றி நின்றவர்களில் சிலர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மதிப்பு இருந்தது, அது எனக்குப் பிடித்தும் இருந்தது. இன்றுவரை நான் வெட்கப்படுவது அடித்ததற்காக மட்டுமில்லை, அந்தப் பிடித்துப்போனதற்காகவும்தான்.

என் மாஸ்டருக்குச் செய்தி போய்விட்டது. அவர் ஏசவில்லை. அடுத்த நாள் பின்னேரம் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலையூற்றில் அந்த மனிதரின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கூலி வேலை செய்கிறவர், தகரக் கூரை போட்ட சின்ன வீடு. வாசலில் இருந்து பாணைத் தேத்தண்ணியில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கடிக்க முடியாததால். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய தாயார் உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க நான் பட்ட பாட்டை எந்தப் போட்டியிலும் பட்டதில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்குப் பயிற்சி இல்லை. வகுப்புக்கு வர வேண்டும், மற்றவர்கள் வரும் முன் மண்டபத்தைக் கூட்ட வேண்டும், ஓரத்தில் முழங்காலில் இருந்து பார்க்க வேண்டும், முடிந்த பிறகு திரும்பவும் கூட்ட வேண்டும். "உனக்குக் கை பழக்கிவிட்டேன், கையைப் பிடிக்கிறதைப் பழக்க மறந்துபோனேன், பிழை என்னுடையதும்தான்" என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

இப்போது அந்தப் பலகையில் எழுதியிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஷொட்டோகான் வகைக் கராத்தேயில் வகுப்பு முடியும்போது எல்லோரும் முழங்காலில் இருந்து ஐந்து வரிகள் சொல்வோம், டோஜோ குன் என்று பெயர், டோஜோ என்றால் பழகும் இடம். குணத்தை நிறைவாக்க முயல், உண்மையின் வழியைக் காப்பாற்று, முயற்சியை வளர், மரியாதையைப் பெரிதாக நினை, கடைசியாக ஒன்று. இந்தக் கடைசி வரியைப் பல இடங்களில் "வன்முறையைத் தவிர்" என்று மொழிபெயர்த்து எழுதி வைத்திருப்பார்கள், அது பிழையில்லை, ஆனால் ஜப்பானிய வரியில் இருப்பது அதைவிட ஆழமானது. இரத்தச் சூட்டில் பொங்கி வருகிற வீரம் இருக்கிறதே, அந்த வீரத்தைக் கட்டுப்படுத்து என்பதுதான் அதன் பொருள். வீரத்தில் இப்படியொரு வகை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு அதைப் பெயர் சொல்லிப் பிடிக்கிறார்கள். பஸ் நிலையத்தில் எனக்கு வந்தது அந்த வகை.

இன்னொரு விஷயம், இந்த ஐந்து வரிகளுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கிடையாது. ஒவ்வொரு வரியும் "ஹிதோட்சு" என்றுதான் தொடங்கும், அதாவது "ஒன்று". ஒன்று, ஒன்று, ஒன்று என்றே ஐந்து தரம். எதுவும் முதலாவது இல்லை, எதுவும் கடைசி இல்லை. புதிதாக வரும் பிள்ளைகள் "சேர், ஏன் இரண்டே வராது" என்று கேட்பார்கள், அவர்களுக்குக் காரணம் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

கராத்தேயை ஜப்பானில் பரப்பியவர் கிச்சின் ஃபுனாகோஷி, 1868 இல் ஒகினாவாவில் பிறந்தவர், தொழிலால் பள்ளிக்கூட ஆசிரியர். சின்ன வயதில் நோயாளிப் பிள்ளை, உடம்பு தேறுவதற்காகப் பழகப் போனவர். கணவர் சொல்வது போலப் பலவீனமான பிள்ளையைத்தான் அவருடைய வீட்டிலும் அனுப்பியிருக்கிறார்கள். 1922 இல் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகுதான் ஒகினாவாவுக்கு வெளியே இந்தக் கலை பெரிதாகப் பரவியது. கராத்தே என்ற சொல்லில் "கரா" என்பதை முன்பு சீனாவைக் குறிக்கும் எழுத்தால் எழுதினார்கள், சீனக் கை என்று பொருள். அதே ஒலி உள்ள வேறு எழுத்துக்கு மாற்றி வெறுங்கை என்று ஆக்கியவர்களில் அவர் முக்கியமானவர். ஆயுதம் இல்லாத கை என்பது மேலோட்டமான பொருள், உள்ளே "நான்" என்ற எண்ணம் இல்லாமல் இருப்பதையும் அந்த வெறுமை குறிக்கிறது என்று விளக்கினார், மூங்கிலை உதாரணம் காட்டி. மூங்கில் உள்ளே வெறுமை, வெளியே நேர், இடையிடையே கணு.

அவர் தந்த 20 கோட்பாடுகளில் முதலாவது, கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது என்பது. இரண்டாவது, கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது. கமகுராவில் எங்ககுஜி என்ற கோயிலில் அவருக்கு 1968 இல் ஒரு நினைவுக்கல் வைத்தபோது இந்த இரண்டாவது வரியைத்தான் அதில் பொறித்தார்கள். நாங்கள் பழகும் கட்டாக்களைப் பாருங்கள் (கட்டா என்றால் கற்பனை எதிரிகளோடு தனியாகச் செய்யும் வரிசை அசைவு), உங்கள் மகன் முதலில் பழகப்போகும் ஹெய்யன் ஷொதான் ஒரு கீழ்த்தடுப்பில்தான் தொடங்கும். ஹெய்யன் என்ற பெயருக்கே அமைதி என்பதுதான் பொருள்.

இங்கே பலரும் ஒரு பிழை விடுகிறார்கள். முதல் அடி கிடையாது என்றால் முதலில் அடி வாங்கிக்கொண்டு பிறகு பார் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. உன் மனதில் சண்டை முதலில் தொடங்கக் கூடாது என்பதுதான். தேடிப் போகாதே, சீண்டாதே, சீண்டினால் விழுந்துவிடாதே, விலக வழி இருந்தால் விலகு. ஒரு பிள்ளையை ஒருவன் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான் என்றால் அந்தப் பிள்ளை அவன் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அங்கே சண்டையைத் தொடங்கியவன் அவன்தான், பிள்ளை கத்தலாம், கடிக்கலாம், உதைத்துவிட்டு ஓடலாம். என்னிடம் வரும் பெண் பிள்ளைகளுக்கு இதை நான் தனியாகவே சொல்லிக்கொடுக்கிறேன். பல பெண் பிள்ளைகளுக்கு உதையைவிடக் கஷ்டமாக இருப்பது "கியாய்" என்ற அந்தச் சத்தத்தைப் போடுவது. சத்தமாகப் பேசாதே என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். முதல் நாள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்த பிள்ளை நாலாம் மாதம் மண்டபம் அதிரக் கத்தும்போது, அந்தப் பிள்ளைக்கு "இல்லை" என்று சொல்லும் குரல் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஃபுனாகோஷி தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது ஒரு சம்பவம் சொல்கிறார். போர் முடிந்த காலம், அவருக்கு 80 வயதை ஒட்டியிருக்கும், இரவில் நடந்து போகும்போது கொள்ளையடிக்க வந்த ஒருவன் தாக்கினான். கிழவர் குனிந்து அவனுடைய மர்ம இடத்தைப் பிடித்து மடக்கிவிட்டார். எவ்வளவு பெருமையாகச் சொல்லலாம்! அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை நானே மீறிவிட்டேனே என்று வெட்கத்தோடு சொல்கிறார். எனக்கு என்னுடைய பஸ் நிலையம் நினைவுக்கு வரும்.

சரி, வரிகளை மனப்பாடம் செய்துவிட்டால் பிள்ளை திருந்திவிடுமா? ஒருநாளும் இல்லை. நானும் ஐந்து வருடம் அந்த வரிகளைச் சொல்லிவிட்டுத்தானே பஸ் நிலையத்தில் கையை விட்டேன். பண்பு வாய் வழியாக வருவதில்லை என்பது என் அனுபவம். அது உடம்பு வழியாகத்தான் வருகிறது, மெதுவாக, எத்தனையோ சின்னச் சின்னப் பழக்கங்களால்.

அதில் பெரியது குத்தை நிறுத்துகிற பழக்கம். முழு வேகத்தில் முகத்துக்குக் குத்துப் போகும், தோலைத் தொடுமுன் நிற்க வேண்டும். வேகம் குறைத்தால் அது குத்தே இல்லை, நிறுத்தத் தவறினால் நண்பனின் மூக்கு போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை வருடக்கணக்காக நிற்கப் பழகுகிறது. என் மாஸ்டர் சொன்ன கையைப் பிடிக்கிறது என்பது இதுதான். பஸ் நிலையத்துக்கு முன்பு நான் பழகியதெல்லாம் எதிரில் ஆள் இல்லாத குத்து. ஆளை எதிரில் வைத்து, அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு, நிறுத்திப் பழகுவது வேறு. அந்த நேரம் உன் கை நீ சொல்வதைக் கேட்கிறதா என்று உனக்கே தெரியும், எதிரில் நிற்பவருக்கும் தெரியும்.

ஆரம்ப நிலையில் இரண்டு பேர் சேர்ந்து பழகும் சண்டைக்கு யகுசொகு குமித்தே என்று பெயர். குமித்தே என்றால் சண்டைப் பயிற்சி, யகுசொகு என்றால் வாக்குறுதி. எங்கே அடிப்பேன், எந்தக் கையால் அடிப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு அடிக்கிற சண்டை. "முகம்" என்று சொன்னால் முகத்துக்குத்தான் போக வேண்டும், வயிற்றுக்குப் போனால் நீ திறமைசாலி இல்லை, சொன்ன சொல்லை மீறியவன். ஒரு 11 வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையின் பல்லையும் கண்ணையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது, மற்றப் பிள்ளையும் தன் முகத்தை இவனிடம் நம்பி ஒப்படைக்கிறது. இந்த நம்பிக்கையை நான் எந்தப் புத்தகத்திலும் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இதற்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7, ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சண்டை. சவூதி அரேபியாவின் தரெக் ஹமெதி 4-1 என்று முன்னால் நிற்கிறார், அவருடைய நாட்டுக்கு அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லை. ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேயின் தலைக்கு ஒரு உயர உதை. அழகான உதை, அப்படியே பட்டது, கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். வேறு சண்டை விளையாட்டாக இருந்தால் அதோடு வெற்றி. இங்கே நடுவர்கள் கூடிப் பேசி, கட்டுப்பாடு இல்லாமல் அளவுக்கு மீறிய பலத்தில் அடித்தார் என்று ஹமெதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தூக்குப் படுக்கையில் கொண்டுபோன கஞ்ச்சாதேக்குத் தங்கம், ஹமெதிக்கு வெள்ளி. இது அநியாயம் என்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள், அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஹமெதியும் வேண்டுமென்று செய்தவர் இல்லை. ஆனால் ஒரு கலை தன் மிகப் பெரிய மேடையில், தன் மிகப் பெரிய பரிசைக் கொடுக்கும் இடத்தில், நிறுத்தாத கைக்கும் காலுக்கும் பரிசு இல்லை என்று நின்றதே, அதை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

வணக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. குனிந்து வணங்குவது அடிமைத்தனம் என்று சில தகப்பன்மார் என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டருக்கு மட்டும் வணங்கினால் அப்படிச் சொல்லலாம். இங்கே மாஸ்டர் பிள்ளைக்கு வணங்குகிறார், கறுப்புப் பட்டி வெள்ளைப் பட்டிக்கு வணங்குகிறது, அடிக்கப்போகிறவன் அடி வாங்கப்போகிறவனுக்கு வணங்குகிறான். நம்முடைய சிலம்படியிலும் இது உண்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சீனடி, சிலம்படி என்று முஸ்லிம் மக்களிடையே பரம்பரையாக வருகிறது, கலியாண வீடுகளில் விளையாடிக் காட்டுவார்கள். நான் ஒருமுறை கிண்ணியாவில் ஒரு வயதான அண்ணாவியாரிடம் கம்பு வீசுவதைப் பார்க்கப் போனேன். கம்பைத் தொட விடவில்லை. முதலில் நிலத்தைத் தொடு, பிறகு எதிரில் நிற்கிறவருக்குச் சலாம் வை, பிறகுதான் கம்பு என்றார். நான் 20 வருடம் கராத்தே பழகியவன் என்று அவருக்குத் தெரியும், அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது.

வகுப்பில் நான் மிகவும் விரும்பிப் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். திருக்கடலூர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, கிண்ணியாவில் இருந்து வரும் முஸ்லிம் பிள்ளை ஒன்று, சீனக்குடாப் பக்கமிருந்து வரும் சிங்களப் பிள்ளை ஒன்று, மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே உயரம், அதனால் மாறி மாறி ஒருவரோடு ஒருவர் ஜோடி. நம்முடைய ஊரில் எந்த மொழியில் பேசுவது என்பதே சில இடங்களில் பிரச்சினைதான், எந்த மொழியில் கட்டளை போட்டாலும் யாரோ ஒருவர் கொஞ்சம் தள்ளி நிற்பார். கராத்தேயில் எண்ணுவது இச்சி, நி, சன், ஷி, கோ என்று ஜப்பானிய மொழியில், கட்டளையும் அதே மொழியில். அது எங்கள் யாருடைய மொழியும் இல்லை, ஆகவே எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள். அந்த மூன்று பேரும் முதலில் பேசிக்கொண்டதே அந்த எண்களில்தான். இப்போது மூன்று மொழியும் கலந்து என்னென்னவோ பேசுகிறார்கள். ஊரடங்குச் சட்டத்தால் வாரக்கணக்கில் வகுப்பு நின்றுபோன காலத்தில் பழகியவன் நான். அந்தப் பிள்ளைகள் ஒருவனுடைய முகத்துக்கு முன்னால் மற்றவன் கையை நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். கலைக்குத் தானாக நல்ல குணம் கிடையாது, அது பழக்குகிறவரின் குணத்தை எடுத்துக்கொள்ளும். ஜப்பானிலேயே 1930களில் இதே கலைகளை, இதே பணிவு, ஒழுக்கம் என்ற சொற்களோடு சேர்த்து, இளைஞர்களைப் போருக்குத் தயார்ப்படுத்தப் பயன்படுத்தினார்கள். போருக்குப் பிறகு, ஆக்கிரமித்த படைகளின் ஆட்சியில், தற்காப்புக் கலைகளைப் பாடசாலைகளில் தடை செய்யும் நிலைக்கு அது போனது. ஒழுக்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு கேள்வி கேட்காமல் கீழ்ப்படிகிற கூட்டத்தையும் உருவாக்கலாம். ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கனோ 1882 இல் கொடொகான் என்ற ஜூடோப் பள்ளியை நிறுவியவர், அவரும் ஒரு கல்வியாளர். நானும் நீயும் சேர்ந்து வளர்வது என்பதை அவர் ஜூடோவின் இரண்டு அடிப்படைகளில் ஒன்றாக வைத்தார். எந்த வகுப்பைப் பார்த்தாலும் நான் இந்த ஒன்றை வைத்துத்தான் அளப்பேன். இங்கே பழகுகிறவர்கள் சேர்ந்து வளர்கிறார்களா, ஒருவன் வளர இன்னொருவன் நசுங்குகிறானா?

அதனால் மகனைச் சேர்க்கும் முன் நீங்கள் போய் மூன்று வகுப்பாவது இருந்து பாருங்கள். பெற்றோர் இருந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடமென்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள், வேறு விசாரணை தேவையில்லை. கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்க வேண்டாம், அந்த வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளை யார் என்று கண்டுபிடித்து, மாஸ்டர் அந்தப் பிள்ளையோடு எப்படி நடக்கிறார் என்று பாருங்கள். கேலி செய்கிறாரா? மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்போது பேசாமல் நிற்கிறாரா? பெரிய பெடியன்களைச் சின்னப் பிள்ளைகளோடு சண்டைக்கு விட்டுவிட்டு "அப்போதுதான் தைரியம் வரும்" என்று சொல்கிறாரா? உங்கள் மகன் பாடசாலையில் அனுபவிப்பதே அதுதான், அதைக் காசு கொடுத்து இன்னொரு இடத்திலும் வாங்க வேண்டாம். தடியால் அடிக்கிறவரும் இருக்கிறார், அதை ஜப்பானிய முறை என்பார், நம்பாதீர்கள். போட்டியில் தோற்று வந்த பிள்ளையிடம் அவர் முதலில் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

பட்டி விஷயத்தில் கவனம். நிறப் பட்டிகள் எல்லாம் பிற்காலத்தில் வந்தவை. கறுப்புப் பட்டியே ஜூடோவில் கனோ தொடங்கிய வழக்கம், அங்கிருந்துதான் ஃபுனாகோஷி எடுத்து 1924 இல் தன் மாணவர்களுக்கு முதன்முதலில் கொடுத்தார். முதல் கறுப்புப் பட்டிக்கு ஷொதான் என்று பெயர், தொடக்கப் படி என்று அர்த்தம். நம்முடைய ஆட்கள் அதைப் பட்டம் பெற்று முடித்துவிட்டது போலப் படம் எடுத்து மாலை போட்டுக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடலாம், ஆனால் அது பழகத் தொடங்கத் தகுதி வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். ஒன்றரை வருடத்தில் கறுப்புப் பட்டி என்று யாராவது சொன்னால், மூன்று மாதத்துக்கு ஒரு கிறேடிங் (அடுத்த பட்டிக்கான தேர்வு) வைத்து ஒவ்வொன்றுக்கும் பெரிய தொகை கேட்டால், அங்கே விற்பனைதான் நடக்கிறது.

உங்கள் மகனுக்கு என்ன நடக்கும் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று மாதம் வீட்டில் தம்பி தங்கச்சி இருந்தால் அவர்கள் மேல் காட்டிப் பார்ப்பான், கதவை உதைப்பான். பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம், உடனே மாஸ்டரிடம் சொல்லுங்கள், நல்ல மாஸ்டர் என்றால் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வார். ஆறு மாதத்தில் நிற்கிற விதம் மாறும், தலை நிமிரும், கண்ணைப் பார்த்துப் பேசுவான். தள்ளுகிற பெடியன்கள் பெரும்பாலும் குனிந்த தலையைத்தான் தேடுகிறார்கள், அதனால் அடிதடி இல்லாமலே சில விஷயங்கள் தானாகக் குறையும். எல்லாம் குறையும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். கராத்தேயில் சேர்த்துவிட்டோம், இனி அவனே பார்த்துக்கொள்வான் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சாப்பாட்டுப் பெட்டியைப் பறிப்பது பாடசாலை பார்க்க வேண்டிய விஷயம், நாளைக்கே போய் வகுப்பாசிரியரோடு கதையுங்கள், தேவையென்றால் அதிபரோடும். 11 வயதுப் பிள்ளையின் தோளில் அந்தச் சுமையை வைத்துவிட்டு நீ பலசாலி ஆகு என்று சொல்வது நியாயம் இல்லை. கணவருக்கும் இதைச் சொல்லுங்கள், அவர் பிள்ளை மேல் உள்ள அன்பினால்தான் சொல்கிறார், அவரையும் மூன்று வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒருநாள் அவன் வந்து, "அம்மா, இன்றைக்கு அவன் என்னைத் தள்ளினான், எனக்கு அடிக்க முடியும் என்று தெரியும், அடிக்கவில்லை, சேரிடம் போய்ச் சொன்னேன்" என்று சொல்லலாம். அந்த நேரம் பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது. எந்த மாஸ்டரும் அதைத் திருத்த முடியாது.

டச் குடாப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்தால் எங்கள் பிள்ளைகள் மணலில் பழகுவதைப் பார்க்கலாம், மாரி காலத்தில் மட்டும் மண்டபத்துக்குள். மணலில் நிலை எடுத்து நிற்பது கஷ்டம், கால் புதையும், அதற்காகவே அங்கே வைக்கிறோம். கோட்டைப் பக்கமிருந்து மான்கள் சில நாட்களில் இறங்கி வரும், சின்னப் பிள்ளைகளின் கவனம் எல்லாம் அங்கே போய்விடும், நான் ஒன்றும் சொல்வதில்லை. நீங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக இருந்து பாருங்கள், சேர்ப்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம், எங்களிடம்தான் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை. சேர்ப்பதென்றால் ஒன்று, அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்கு வரும்போது கால் மணித்தியாலம் முந்தி அனுப்புங்கள். முதல் நாள் அவன் கையில் நான் கொடுப்பது தும்புத்தடியாகத்தான் இருக்கும், மற்றத் தும்புத்தடியோடு நானும் கூட நிற்பேன்.